மிஸ் மூடாத முறைப்பாடு

எங்கள் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே மிஸ் 'மற்றவை' என்ற லேபலை அழித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. காலையில் நான் வந்து கணினியைத் திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் எந்த அடையாளமும் இல்லாமல் திரையில் வரிசையாக நின்றன.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சைக்கிள் சாமான் கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. மொத்தம் ஆறு பேர். கடற்றொழிலாளர் சங்கங்களுக்காக ஒரு செயலியைச் செய்து நடத்திக்கொண்டிருந்தோம். காற்று எப்படி, கடல் எப்படி, இன்றைக்கு இறங்கலாமா என்பதைத் தமிழில் எழுத்தாகவும் குரலாகவும் தொழிலாளரின் போனுக்கு அனுப்புகிற செயலி அது. அதில் ஏதும் குறை இருந்தால் ஆட்கள் போன் எடுத்துச் சொல்வார்கள், வட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள், சங்கச் செயலாளர்கள் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வந்த எல்லாவற்றையும் ட்ராக்கர் என்ற ஒரு பக்கத்தில் பதிவோம். பதிந்த ஒவ்வொன்றிலும் ஒரு லேபல் ஒட்டுவோம். 'பிழை', 'அவசரம்', 'ஒரே விடயம்', 'பாவனையாளர் தவறு' என்று சில லேபல்கள். ஒன்றிலும் அடங்காதது 'மற்றவை'. அந்த லேபல்களை உண்டாக்கியவள் நான். செயலியின் பெரும்பகுதியை எழுதியவளும் நான்தான். அதனால் கோபம் வந்தது.

"மிஸ், ஏன் அதை அழிச்சனீங்கள்?"

"அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. தெரியாதபடியாத்தானே மற்றவை எண்டு போட்டது."

"எனக்கும் தெரியாது. அதுதான் அழிச்சன். இனிப் பார்த்துத்தானே ஆகவேணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. கறுப்பு அபாயாவின் கையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முதலாவது முறைப்பாட்டைத் திறந்து, அதை எழுதியவரின் நம்பரைப் பார்த்துப் போன் எடுத்தார். அந்த நூற்றுச் சொச்சத்தையும் முடிக்க அவருக்குப் பதினொரு நாள் ஆனது. அவற்றில் பாதிக்கு ஏற்கெனவே இருந்த லேபல்களே பொருந்தின. எங்களுக்குத்தான் வாசிக்கச் சோம்பலாக, பஞ்சியாக இருந்திருக்கிறது.

எங்களிடம் வருவதற்கு முன்னர் அவர் மருந்து விற்கிற ஒரு பாமசியில் வேலை செய்தவர். அங்கே எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். எங்களோடும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. குளிசைகளை எண்ணி உறையில் போட்டு, மேலே எப்போது எத்தனை என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலையாக இருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் பிறையும் வரைந்து கொடுப்பாராம். சில கடைகளில் 'வெள்ளைக் குளிசை' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள் என்று சொல்லும்போது அவருடைய முகம் உண்மையிலேயே சுருங்கும். "வெள்ளைக் குளிசை எத்தனை இருக்கு அக்கா. பிரஷருக்கும் வெள்ளை, வயித்துக்கும் வெள்ளை. வீட்டுக்குப் போனா ரெண்டு உறையும் ஒரே மேசையிலதானே கிடக்கும்."

முறைப்பாடு செய்த ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்று பார்த்தீர்கள், கையில் என்ன போன், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். முதல் இரண்டும் எங்களுக்கும் விளங்கின. மூன்றாவது எதற்கென்று நான் கேட்டேன். "சும்மா. அதுக்குத்தான் அவங்க நிறையச் சொல்லுவாங்க" என்றார்.

அந்த மூன்றாவது கேள்வியால்தான் எனக்கும் அவருக்கும் முதல் உரசல் வந்தது. 'செய்தி தன்பாட்டில் அழிகிறது' என்று எட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். நான் அந்த எட்டுக்கும் 'பாவனையாளர் தவறு' என்று போட்டு வைத்திருந்தேன். செய்தி தன்பாட்டில் அழியாது, யாரோ அழிக்கும் பொத்தானை அமத்தினால்தான் அழியும். அது எனக்கு நிச்சயம். அவர் எட்டுப் பேரிடமும் கேட்டார். ஒருவர் வலை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருவர் மீனைத் தரம் பிரித்துக்கொண்டு. ஒருவர் படகுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டு.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை இழுத்துக்கொண்டு பள்ளிமுனைக் கரைக்குப் போனார். நான் பிறந்து வளர்ந்த இடம் அது. கோயிலடியில் தெரிந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் கையை நனைத்தார். எங்கள் பரிசோதனைப் போனை எடுத்து, குரலைக் கேட்கிற பொத்தானை அமத்தினார். செய்தி அழிந்தது. எனக்குக் காட்டிவிட்டு மறுபடி நனைத்து மறுபடி அமத்தினார். மறுபடி அழிந்தது. உப்புத் தண்ணீர் பட்ட விரல் எங்கே தொடுகிறது என்று அந்தத் திரைக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் கேட்கிற பொத்தானையும் அழிக்கிற பொத்தானையும் ஒட்டி ஒட்டி வைத்திருந்தேன்.

கந்தோருக்கு வந்து அந்த எட்டிலிருந்தும் 'பாவனையாளர் தவறு' என்பதை எடுத்துவிட்டு 'ஈரக்கை' என்று ஒரு லேபல் செய்தார். நான் பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. 'காற்றுச் சத்தம்' என்று ஒரு லேபல், எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காதவர்களுக்கு. 'கண்ணாடி வீட்டில்' என்று ஒன்று, எழுத்துச் சிறியது என்று சொன்னவர்களுக்கு. கடற்கரைக்குக் கண்ணாடி கொண்டுபோகிறவர் யார். 'கழுதை' என்றும் ஒன்று இருந்தது. ஒரு சங்கத்தில் அன்றாடச் செய்தியை அச்செடுத்து மாப்பசையால் பலகையில் ஒட்டுவார்கள். மன்னார்க் கழுதைகளுக்குப் பசையும் பிடிக்கும், தாளும் பிடிக்கும். காலையில் ஒட்டியது எட்டு மணிக்கு இருக்காது. அதை முறைப்பாடாகப் பதிந்ததே அநியாயம் என்று நாங்கள் சிரித்தோம். அந்த மாதமே வேறு மூன்று சங்கங்களிலிருந்தும் அதே முறைப்பாடு வந்தது. பலகையை உயர்த்தி அடிக்கச் சொல்லி அவர் போன் எடுத்து, ஒவ்வொருவரும் அடித்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் மூடினார்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஒரு கட்டத்தில் எழுபதுக்குக் கிட்ட லேபல் ஆகிவிட்டது. அடம்பனிலிருந்து பஸ்ஸில் வருகிற கோகுலன் என்று ஒருவன் என்னோடு நிரல் எழுதினான். வயல்காரக் குடும்பம், நிதானமான ஆள். அவனே ஒருநாள், "மிஸ், இதுக்குள்ளை ஒண்டைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ளை எனக்குப் பஸ் போயிடும்" என்றான். அவருக்கு அது பட்டது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லா லேபலையும் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் பரப்பி, எங்களையும் உட்காரச் சொன்னார். ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்து இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்தோம். 'கழுதை' தப்பிவிட்டது. அதற்கு வாக்குப் போட்டவன் கோகுலன்தான்.

ஒரே ஒரு விடயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முறைப்பாட்டை மூடுவது நாங்கள் அல்ல, சொன்னவர். நாங்கள் திருத்திவிட்டோம் என்பதற்காக அவர் மூடமாட்டார். சொன்னவருக்குப் போன் எடுத்து, "இப்ப சரியா இருக்கா? பார்த்துச் சொல்லுங்க, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்று கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் மூடுவார். சில நேரம் ஆள் கடலில் நிற்பார், போன் வேலை செய்யாது. மூன்று நாள் ஆனாலும் அந்த முறைப்பாடு திறந்தே கிடக்கும்.

அவர் எங்களோடு மூன்று வருடம் இருந்தார். பிறகு கணவருக்கு அனுராதபுரத்துக்கு மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். போனபின் நான் அவரைப்பற்றி நினைத்த நேரங்களில் எல்லாம் ஒரு மத்தியானம்தான் முதலில் வரும். நோன்பு முடிந்த கிழமை. வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். நானும் அவரும் யன்னலடியில் கதிரையைப் போட்டுச் சாப்பிட்டோம். ஏன் மற்றவை என்ற சொல்லில் அவ்வளவு கோபம் என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

அவருடைய குடும்பம் சிலாவத்துறைப் பக்கம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது அவர் கைக்குழந்தை. புத்தளத்தில், அகதிகளுக்குக் கட்டிய ஓலைக் குடிசையில் வளர்ந்து, பிறகு ஊருக்கே திரும்பி வந்தவர். அவருடைய பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்துல எங்கட பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி போட்டிருப்பாங்க. கொப்பி குடுக்கிற நாளுல ரீச்சர் சொல்லுவாங்க, அகதிப் பிள்ளைகள் எழும்புங்க எண்டு. நாங்க எழும்புவம். நல்ல கொப்பி அக்கா, நான் குறை சொல்லல்ல. அந்த ரீச்சரும் நல்லவங்க." ஒரு வாய் சாப்பிட்டார். "நான் கணக்கு நல்லாச் செய்வன். கணக்குச் செய்யிற பிள்ளை எழும்புங்க எண்டு ஒருநாளும் சொல்லல்ல. அவங்களுக்கு அது தெரியாது. புள்ளியைப் பார்த்தா போதும்தானே அவங்களுக்கு."

நான், வட்டிலப்பம் நல்லாயிருக்கிறது என்றேன். "உம்மா செஞ்சது. ஏலம் கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனிச் சொல்லப் போவது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. இதில் நான் செய்ததை அன்றைக்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

எங்களுக்கு உதவி தருகிற நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. எங்கள் பொறுப்பாளரை நாங்கள் சேர் என்போம். திங்கட்கிழமை அவர் எங்களைக் கூப்பிட்டு, அவர்கள் வருவதற்குள் ட்ராக்கரைத் துப்புரவாக்கச் சொன்னார். திறந்து கிடக்கிற முறைப்பாடுகள் நிறைய இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நல்லாயிராது. அதில் பெரிய குவியலாக இருந்தது 'செய்தி வருவதில்லை' என்கிற முறைப்பாடு. இருபத்தாறு பேர் சொல்லியிருந்தார்கள். கரையோரத்தில் சிக்னல் போய் வருவது எல்லோருக்கும் தெரிந்தது. நான் ஒன்றைத் திறந்து 'சிக்னல்' என்று எழுதி, மிச்சம் இருபத்தைந்திலும் 'ஒரே விடயம்' என்று ஒட்டி, மிஸ்ஸைக் கேட்காமல் நானே மூடினேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பார்த்தால் அந்தக் குவியலில் ஒன்றை மிஸ் திறந்து வைத்திருந்தார். சிலாவத்துறைக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் இருக்கிற முஸ்தஃபா என்பவருடையது. அண்ணனும் தம்பியும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள், தம்பிக்குச் செய்தி வருகிறது, தனக்கு வருவதில்லை என்று சொல்லியிருந்தார்.

"மிஸ், இதையும் மூடுங்கோ. ஒரே விடயம்தானே."

"ஒரே வளவு, ஒரே கம்பனி சிம். ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரல்ல. அது எப்பிடி அக்கா சிக்னல்?"

"போன் பழசா இருக்கும். வியாழக்கிழமைக்குப் பிறகு பாப்பம்."

"இண்டைக்குப் போற வழியில இறங்கிப் பார்த்துட்டுச் சொல்றன்."

அவர் நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். சேர் வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, "ஒண்டு கிடக்குதே" என்றார். அவர் அதட்டவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை மூடினேன். மூடியதற்குக் காரணமாக 'சிக்னல்' என்றும் எழுதினேன்.

புதன் காலை நான் வந்தபோது அது மறுபடி திறந்திருந்தது. கீழே அவர் ஒரு வரி எழுதியிருந்தார். 'இன்னும் கேட்டு முடியவில்லை.'

அவர் தன் மேசையில் இருந்தார். நான் மூடியதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன்.

"சேர் சொன்னவர் மிஸ். அதுதான் மூடினனான்."

"தெரியும். நேத்து அங்க போனன்" என்றார். "ரெண்டு பேருடைய போனையும் மாத்திப் பார்த்தன். சிம்மையும் மாத்திப் பார்த்தன். எப்பிடிப் பார்த்தாலும் தம்பிட பேருக்குத்தான் வருது. நாலு மாசத்துக்கு முந்தி அவருக்கும் வந்ததாம்." பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினார். "வழமையாக் கேக்கிறதைக் கேட்டன் அக்கா. செய்தி வராத நேரம் என்ன செஞ்சுகொண்டு நிண்டீங்க எண்டு. கடல்ல நிண்டன் எண்டார்."

போன மாதம் ஒருநாள் மத்தியானம் காற்று எழும்பியது எனக்கு நினைவிருந்தது. நாங்கள் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தோம். நல்லபடி எல்லோருக்கும் போனது என்று நான் சந்தோசப்பட்ட நாள் அது. அன்று தம்பிக்குச் செய்தி வந்திருக்கிறது. அவர் கரைக்கு ஓடியிருக்கிறார். அண்ணனுடைய படகு அதற்குமுன் இறங்கிவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய், வலையை அறுத்துவிட்டு, பின்னேரம் இன்னொரு படகு கட்டி இழுத்துவந்து சேர்ந்திருக்கிறார் முஸ்தஃபா.

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார் மிஸ். "அதை அவர் முறைப்பாடாச் சொல்லல்ல. கேட்டதுக்குச் சொன்னார்."

நான் என் கதிரையில் போய் இருந்தேன். அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அவர் மற்ற இருபத்தைந்து பேருக்கும் போன் எடுத்தார். இந்த முறை புதிதாக ஒன்று கேட்டார்: சங்கப் பதிவில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். அடையாள அட்டையையும் சங்கப் புத்தகத்தையும் எடுத்துவந்து வாசித்தவர்கள் உண்டு. சிலருக்கு மகள் வாசித்துச் சொன்னாள். அவர் கணினியில் அடிக்காமல், கோடு போட்ட கொப்பியில் ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதினார். பாமசியில் பழகிய உருண்டை எழுத்து.

வியாழன் காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கொப்பியை என் முன்னால் வைத்தார். ஒரு பக்கத்தில் பதினேழு பெயர்கள். "இது சிக்னல்தான். நீங்க சொன்னது சரி." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது பெயர்கள்.

"இதைப் பாருங்க அக்கா. எல்லாத்துலயும் மூணு புள்ளி இருக்கு."

முஸ்தஃபா. ரஃபீக். ஸஃப்வான். அல்ஃபோன்ஸ். ஒன்பது பெயரிலும் ஃ இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சங்கங்களிலிருந்து வருகிற பெயர்ப் பட்டியல்களில் நட்சத்திரம், கோடு, கிறுக்கல் என்று குப்பைக் குறிகள் நிறைய இருக்கும். அதனால் நாலு மாதத்துக்கு முன்னர் ஒரு வரி எழுதினேன். பெயரில் தமிழ் எழுத்தல்லாத ஏதும் இருந்தால் அந்தப் பெயரை ஒதுக்கி வை, பிறகு பார்க்கலாம். தமிழ் எழுத்து எது என்று கணினிக்குச் சொல்ல, அகரத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஃ என்ற எழுத்தை நாங்கள் ஔவுக்குப் பிறகு படித்தோம். கணினியின் வரிசையில் அது அகரத்துக்கு முன்னால் நிற்கிறது. நான் போட்ட வேலிக்கு வெளியே அந்த ஒரு எழுத்து நின்றுவிட்டது. ஒதுக்கி வைத்த பெயர்களை நான் பிறகு பார்க்கவும் இல்லை.

ஒதுக்கியவற்றைத் திறந்து பார்த்தேன். குப்பைக் குறிகளைத் தள்ளினால் முப்பத்தொரு பேர். முறைப்பாடு செய்தவர்கள் ஒன்பது பேர்தான். மற்ற இருபத்திரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அந்த இருபத்திரண்டில் ஒரு பெயரை நான் இரண்டு தடவை வாசித்தேன். பள்ளிமுனை, ஜோசஃப். என் அம்மாவின் சொந்தத் தம்பி.

அந்த நேரம் படியில் ஆட்கள் ஏறிவருகிற சத்தம் கேட்டது.

வந்தவர்கள் மூன்று பேரும் பொறுமையாகத்தான் பார்த்தார்கள். சேர் திரையைச் சுவரில் காட்டி விளக்கினார். 'கழுதை' என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார், கோகுலன் சொன்னான், சிரித்தார்கள். பிறகு அவர்களோடு வந்த பெண்மணி, வயதான, தலை நரைத்த ஒருவர், திறந்திருந்த ஒரே ஒரு முறைப்பாட்டைக் காட்டினார்.

"இது மட்டும் என்ன மிச்சம் இருக்கு?"

"அது ஒரு சின்ன விசயம்" என்றார் சேர். "பாவிக்கிற ஆக்களின்ரை பக்கத்திலை ஏதோ..."

அந்தப் பெண்மணி, பதிந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா இதைத் திறந்து வச்சிருக்கிறது? என்ன பிரச்சினை?"

மிஸ் என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். எல்லாம் அவருக்குத் தெரியும், கொப்பி அவருடைய கையில்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, நானே சொல்லட்டும் என்று விட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அது என்ரை பிழை" என்றேன். "நான் எழுதின ஒரு வரியாலை முப்பத்தொரு பேருக்கு நாலு மாசமாச் செய்தி போகேல்லை. ஒருத்தர் அதாலை காத்துக்குள்ளை மாட்டுப்பட்டவர். நான் சிக்னல் எண்டு மூடினனான். மிஸ்தான் திரும்பத் திறந்தவ."

சேர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"எப்ப சரிவரும்?"

"மத்தியானத்துக்குள்ளை."

"அப்ப நாங்கள் இங்க நிண்டு உங்களை மறிக்கிறது சரியில்லை" என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் தேநீருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திருத்தம் ஒரே ஒரு எழுத்துத்தான். அகரம் நின்ற இடத்தில் ஃ என்ற எழுத்தை வைத்தேன். கோகுலன் பக்கத்தில் இருந்து சரிபார்த்தான். பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொரு பெயரும் பட்டியலுக்குள் வந்தன. அன்று பின்னேரம் வெள்ளிக்கிழமைக்கான காற்று எச்சரிக்கை வந்தது. நாளை கடலுக்கு இறங்க வேண்டாம். மூன்று மணிக்கு அனுப்பினோம்.

மிஸ் முப்பத்தொரு பேருக்கும் போன் எடுத்தார். வந்ததா, பாருங்க, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கடைசியில் முஸ்தஃபா ஓம் என்றதும் அந்த முறைப்பாட்டை மூடினார். நாலரை பஸ் போய்விட்டது, ஐந்தேகாலுக்குப் போனார். வாசலில் செருப்பைப் போடும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்டது வேறு.

"மிஸ், உங்கட அந்த வரி, கேட்டு முடியேல்லை எண்டு எழுதினது. அதை ஒரு லேபலா வைப்பமா?"

அவர் யோசித்தார். "வைக்கலாம். ஆனா லேபல் இருபத்திரண்டு எண்டுதானே கதைச்சம். ஒண்டை எடுக்கவேணும்."

"பாவனையாளர் தவறை எடுப்பம்."

"அதை நான் போன வருசமே எடுத்துட்டன் அக்கா. நீங்க கவனிக்கல்ல" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளி காலை எட்டரைக்குக் கந்தோர்ப் போன் அடித்தது. மிஸ்தான் எடுத்தார். எதிரில் ஜோசஃப் மாமா. அவர் பேசுகிற சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

"பிள்ளை, நீங்கள்தானே நேற்று எடுத்தது? இஞ்சை காத்தும் இல்லை ஒண்டும் இல்லை. கடல் குளம் மாதிரிக் கிடக்குது. உங்கட செய்தியாலை நான் இண்டைக்குத் தொழில் இல்லாமல் குந்தியிருக்கிறன்."

"எங்க நிண்டு பார்க்கிறீங்க மாமா?"

"கரையிலைதான்."

"என்ன செஞ்சுகொண்டு நிக்கிறீங்க?"

"என்ன செய்யிறது. கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போனை வைத்ததும் புதிய முறைப்பாடாகப் பதிந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"மிஸ், அது என்ரை மாமா. அந்தாள் எப்பவும் அப்பிடித்தான். இதை முறைப்பாடு எண்டு போடாதேங்கோ."

"அவர் சொன்னவர்தானே" என்றார். லேபல் மட்டும் ஒட்டவில்லை. "இதுக்கு இன்னும் பார்க்கவேணும்."

பதினொன்றரைக்கு யன்னல் ஒருதடவை அடித்துச் சாத்தியது. கோகுலன் எழும்பிப் போய்க் கொளுவியைப் போட்டான். கீழே கடைக்காரர் வெளியில் தொங்கவிட்டிருந்த டயர்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். பன்னிரண்டு மணிக்குத் தெருவில் மண் எழும்பி எதிர்ப்பக்கக் கட்டடம் தெரியவில்லை. கழுதைகள் இரண்டு எங்கள் படிக்கட்டுக்குள் வந்து ஒதுங்கி நின்றன. கூரைத் தகரம் போட்ட சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. மிஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார். பிறகு நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை" என்றார் மாமா. பின்னால் காற்று இரைந்தது. குரல் காலையில் இருந்ததில் பாதியாக இருந்தது. "நான் காலமை ஒண்டு சொன்னனான் எல்லோ. அதை அழிச்சுவிடுங்கோ."

"அழிக்கேலாது மாமா. மூடலாம். மூடவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

"ஓம், மூடுங்கோ."

மிஸ் மூடினார்.